நாடகத்தில் வராத நர்ஸ்

நாடு முழுக்கக் கரண்டும் டீசலும் இல்லாமல் தவித்த வருடம் அது. தெஹியோவிட்ட டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் நான் தமிழ் டைப் செய்யும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோகொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, கல்யாணக் கார்ட், நினைவு நோட்டீஸ் அடிப்பது எல்லாமே அந்த ஒரே கடையில்தான். கரண்ட் இருக்கிற சில மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன் என் சிறுகதைத் தொகுப்பு ஒன்று வெளிவந்திருந்தது. கேகாலையில் ஒரு சின்ன மண்டபத்தில் விழா. பொன்னாடை போட்டார்கள், நிறையப் பேசினார்கள். மறுநாளே புத்தகமெல்லாம் பெட்டியோடு என் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வாசித்தேன் என்று ஒருவர்கூட வந்து சொல்லவில்லை. எழுத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது, கொழும்பில் ஒரு சிநேகிதி பார்த்து வைத்திருந்த ஒபிஸ் வேலைக்கு அடுத்த மாதம் போய்விடலாம் என்று முடிவெடுத்திருந்தேன். கடையில் நான் செய்ததை எழுத்து வேலை என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நினைவு நோட்டீஸ் அடிக்கக் கொம்பியூட்டரில் மூன்று மாதிரிகள் வைத்திருந்தேன். ஆம்பிளைக்கு ஒன்று, பொம்பிளைக்கு ஒன்று, சின்ன வயதில் போனவர்களுக்கு ஒன்று. 'குடும்ப விளக்கே, பாசத்தின் ஊற்றே' என்று தொடங்கும். பெயரையும் படத்தையும் மாற்றினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பக்கத்துத் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டும் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் பால் காய்ந்து கறுத்த திட்டுகள். மனைவி நெஞ்சு வலியில் திடீரென்று இறந்துபோயிருந்தார். சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதில் கொடுக்க அடித்த நோட்டீஸ் கட்டைத்தான் முதல் நாள் வாங்கிப் போயிருந்தார். இப்போது அந்தக் கட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் உருவி என்னிடம் நீட்டினார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. இதுல இருக்கிறது யாருங்க?"

"உங்க மனைவிதானே?" என்றேன்.

"படம் அவ படந்தான். பேரும் சரிதான். ஆனா எழுதியிருக்கிறது போன மாசம் எங்க மேல் டிவிசன்ல செத்த ஆயாவுக்கு எழுதுனதுங்க. எங்க மக ரெண்டு நோட்டீசையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டா. ஒரு எழுத்துகூட மாறல." மடித்து வைத்திருந்த அந்தப் பழைய நோட்டீசையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. தப்பை ஒத்துக்கொள்ள மனம் வராமல், "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "அப்படிங்களா? எல்லாருக்கும் ஒண்ணுதான்னா பேர மட்டும் அடிச்சுக் குடுத்திருக்கலாமேங்க" என்றார்.

கடை முதலாளி முஸ்லிம். அண்ணன் என்கிற பொருளில் ஊரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். மெஷினுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் வந்து அந்த இரண்டு நோட்டீசையும் வாங்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "புத்தகம் எழுதின ஆளெண்டு ஒங்களப் பத்தி வாற போற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு ஈக்கிறேன், தங்கச்சி" என்றார். அதற்குப் பதில் இரண்டு அடி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. ஆனாலும் நானா அந்தக் கட்டை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். "காகிதம் போனாப் போகட்டும். இவரோட போய் விசாரிச்சுக்கொண்டு வாங்க. சனிக்கிழமை கரண்ட் வரக்கொள்ள நான் அடிச்சுத் தாறேன்" என்றார்.

டீசல் இல்லாமல் பாதி பஸ் ஓடவில்லை. கிடைத்த ஒன்றில் நின்றுகொண்டே போய் இறங்கி, இறப்பர் மரங்களுக்கு நடுவே மேலே நடந்தோம்.

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய காம்பராவில் மனைவியின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற மகள் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஐந்தாறு பேர் வந்து உட்கார்ந்தார்கள். இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "நல்ல மனுசிங்க" என்றார் ஒருவர். "யாரையும் ஒரு வார்த்த நோக வைக்க மாட்டாங்க" என்றார் இன்னொருவர். எழுதிக்கொண்டேன். எழுத எழுத, என் மாதிரி நோட்டீஸேதான் இன்னொரு தடவை வருகிறது என்று தெரிந்தது.

அப்போது மூலையில் இருந்த ஓர் அம்மா சட்டென்று சொன்னார். "என்னா பேசுறீங்க? நோக வைக்க மாட்டாளா? கோழி விசயத்துல எங்கிட்ட ஒரு வருசம் பேசாம இருந்தாளே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செத்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான ஆள் வெளியே வர ஆரம்பித்தார்.

கொண்டக்டர் மிச்சக் காசு தராவிட்டால் "மல்லி, மல்லி" என்று சிங்களத்திலேயே தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டு, பஸ் முழுக்கச் சிரிக்கிற மாதிரி பேசி வாங்கிவிடுவாராம். மழை பெய்து பால் வெட்டு இல்லாத நாளில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்குவாராம். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், அவர் கதை சொல்வாராம்.

அந்த லயத்தில் எல்லோருக்கும் சிங்களம் விளங்கும். ஆனால் டிவியில் சிங்கள நாடகம் போகிற நேரத்தில் மற்றப் பெண்கள் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். இவர் மட்டும் அடுப்பை முன்னேரமே முடித்துவிட்டுப் பார்ப்பார். மறுநாள் விடிகாலை பால் வெட்டுக்கு ஏறும்போது, முதல் நாள் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பார். பின்தங்கினால் கதை கேட்காதே என்று எல்லோரும் வேகமாக நடப்பார்களாம்.

அந்த நாடகத்தில் ஓர் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ். தோட்டத்துப் பிள்ளை, படித்து நர்ஸானவள். டொக்டரையே எதிர்த்துப் பேசுவாள். பெண்கள் எல்லோருக்கும் அந்த நர்ஸ் என்றால் உயிர். ஒரு தடவை ஒருவருக்குக் கால் சுளுக்கி, ஒரு வாரம் வீட்டிலிருந்து நாடகத்தைப் பார்த்திருக்கிறார். நர்ஸ் வரவே இல்லை. பிறகு விசாரித்தால், அப்படி ஒருத்தி அந்த நாடகத்திலேயே இல்லை!

"சண்ட பிடிக்கலாம்னுதான் போனோம்ங்க" என்றார் கால் சுளுக்கினவர். "'அந்த நாடகத்துல நம்ம ஆளு ஒருத்தரையும் காணோம், அதான் நான் போட்டேன்'னு சொல்லிட்டா. நாங்களும் சரின்னு விட்டுட்டோம். டிவில வர்ற கதய விட இவ கததான் நல்லாருந்துச்சு."

கரண்ட் வெட்டு தொடங்கிய பிறகு டிவியே போடவில்லை. ஆனால் கதை ஒரு நாளும் நிற்கவில்லையாம். நாடகத்தைப் பார்க்காமலே அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். அப்படியே ஒரு நாள் இறந்தும் போனார்.

"அந்த நர்ஸுக்குப் பெறகு என்ன ஆச்சின்னே தெரியல" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டா" என்றார்.

அன்று திரும்பி வரும்போது எனக்கு ஒரே வெட்கமாக இருந்தது. புத்தகம் போட்டேன், விழா வைத்தேன், ஒருவரும் வாசிக்கவில்லை என்று ஊரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு பெண் மேடை, மாலை எதுவும் இல்லாமல் வருடக்கணக்காகத் தினமும் கதை சொல்லியிருக்கிறார். கேட்கிறவர்கள் மூச்சு வாங்க மலையேறி வந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். கோழிச் சண்டையையும் எழுதினேன், மழைநாள் தூக்கத்தையும் எழுதினேன். நர்ஸின் கதை பாதியில் நிற்கிறது என்று அப்படியே முடித்தேன். போனில் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும், "இதுதான் மிஸ் எங்கம்மா" என்றாள்.

சொன்னபடியே சனிக்கிழமை கரண்ட் வந்தவுடன் நானா எல்லாவற்றையும் அடித்து முடித்தார். அதற்கு ஒரு சதமும் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானும் போனேன். பூசை முடிந்ததும் பாதர் அதைச் சத்தமாக வாசித்தார். கோழி வந்த இடத்தில் கோயிலே சிரித்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நோட்டீஸ் பாதி, உட்கார்ந்திருந்த வாங்கிலேயே கிடக்கும். அன்று ஒன்றுகூடக் கிடக்கவில்லை. எல்லோரும் மடித்துக் கையில் கொண்டுபோனார்கள்.

வெளியே வந்ததும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "மிஸ், நீங்க கத எழுதுறவங்களாமே. அந்த நர்ஸுக்கு என்ன ஆச்சின்னு நீங்களாவது சொல்லுங்களேன்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. "அது அவங்க கதைங்க. அதை நான் தொடக்கூடாது. நான் வேற கதை ஒண்ணு கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு வரச் சொன்னார்கள்.

போனேன். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து விறாந்தையில் உட்கார்ந்து என் தொகுப்பிலிருந்து ஒரு கதையை வாசித்தேன். பாதியில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்று வீட்டுக்கு வந்து பென்சிலால் கோடு போட்டேன். அடுத்த மாதம் புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டு போனேன். அன்று யாரும் எழும்பவில்லை.

கொழும்பு வேலைக்குப் போகவில்லை. சிநேகிதியிடம் நல்ல திட்டு வாங்கினேன்.

அந்த நினைவுப் பக்கத்தைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இப்போது தூரத்துக் கலவானப் பக்கத்திலிருந்தும் கேட்டு வருகிறார்கள். இறந்தவருக்கு மட்டுமில்லை, ஓய்வு பெறுகிற டீச்சருக்கு, அம்மா அப்பாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு என்று எழுதுகிறேன். வீட்டுக்குப் போய்க் கேட்காமல் ஒன்றும் எழுதுவதில்லை. காலையில் என் சொந்தக் கதை, மத்தியானத்துக்குப் பிறகு இந்த வேலை. இரண்டாவது புத்தகத்தை மாதத்துக்கு ஓர் அத்தியாயமாக அந்த விறாந்தையில் வாசித்தே எழுதி முடித்தேன். அதற்கு விழா வைக்கவில்லை. வாசிக்கக் கேட்டவர்களே வாங்கினார்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் வாங்கி அனுப்பினார்கள். மூன்றாவது புத்தகம் இப்போது பாதியில் இருக்கிறது.

பெரிய எழுத்தாளர் என்று யாரும் என்னைச் சொல்வதில்லை, அதில் எனக்குக் குறையுமில்லை. எழுத்தை விட்டுவிடத் துணிந்திருந்த என்னை இத்தனை வருடமாக எழுத வைத்துக்கொண்டிருப்பது, மனைவிக்காகக் கோபப்படாமல் கேள்வி கேட்க வந்த அந்த மனிதரும், நான் ஒரு தடவைகூடப் பார்க்காத அவர் மனைவியும்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அடுத்த வரியை எழுத உட்காருவதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.