புள்ளிக்கோட்டு வளையம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், திருவொற்றியூர்ப் பட்டறையில் இயந்திர வரைபடம் படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த மிதப்பில் யாரோடும் பேசமாட்டேன், சாப்பாடும் தனியாகத்தான்.

ஒரு பம்ப் வரைபடத்தில் ஒரு வளையத்தை மட்டும் புள்ளிக்கோட்டில் போட்டிருந்தார்கள். தேவையில்லாத பாகம் என்று நினைத்து, அதை மாட்ட வேண்டாம் என்றேன். சோதனையில் பம்ப் ஒழுகியது. போர்மேன், அதைப் பூட்டிய ஃபிட்டர் காதர் பாயைத் திட்டினார். அவரிடம் வேண்டாம் என்றது நான்தான் என்பதை மறைத்துவிட்டேன்.

போர்மேன் போனதும் பாய் வரைபடத்தைத் தொட்டுக் காட்டினார். "புள்ளி போட்டா இல்லேன்னு அர்த்தமில்ல நைனா. பின்னால கீது, அதான் கண்ணுக்குத் தெர்ல."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீதான் யார்கிட்டயும் பேச மாட்டியே!"

மதியம், நான் வழக்கமாகச் சாய்ந்து சாப்பிடும் சுவருக்குப் பின்னால் தினமும் கேட்கும் ஒற்றை இருமல் அவருடையது என்று அன்றுதான் புரிந்தது. இத்தனை நாளும் அவரும் அங்கே தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறார். எழுந்து அவரிடம் போக அப்போதும் எனக்குத் துணிவு வரவில்லை.