மதுரை சுல்தான்களைப் படித்த வருடம்

வெளிவாரிப் பட்டப் படிப்புக்காக நான் சனிக்கிழமைகளில் கண்டிக்குப் போய்வந்த காலம் அது. வீடு குண்டசாலையில். வார நாட்களில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. அப்பாவின் புடவைக்கடை எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனது. அதன் பிறகு அவர் இன்னொருவரின் கடையில் காசாளராக உட்கார்ந்தார். மறுபடியும் கடை போடலாமா என்று யாராவது கேட்டால், "மக படிக்கிறா, அது போதும்" என்பார்.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவர் மடவளையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் ஆசிரியை. இரண்டு பிள்ளைகளின் தாய், என்னைவிட மூத்தவர். அவருடைய தங்கைகள் அவரை ராத்தா என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நூலகத்தில் வரலாற்றுக்கென்று இருந்த நல்ல புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ராத்தாவுக்கோ கேட்டதை ஒழுங்குபடுத்தி விடை எழுதும் கலை கைவந்திருந்தது. நான் வாசித்துச் சொல்ல, அவர் எழுதுவார். எங்களுக்குள் நல்ல பொருத்தம்.

தென்னிந்திய வரலாற்றில் மதுரை சுல்தான்கள் என்று ஒரு சிறிய பாடம் இருந்தது. டில்லி சுல்தான் அனுப்பிய ஆளுநர் மதுரையில் தன்னையே சுல்தான் என்று அறிவித்துக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் வெட்டுப்பட்டுச் சாகிறார்கள். அரை நூற்றாண்டு ஆவதற்குள் விஜயநகரப் படை வந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. "சின்ன அரசு என்று விட்டுவிடாதீங்க, கேள்வி வரும்" என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். ஆனாலும் நான் விட்டுவிட்டேன். அப்பாவின் முன்னோர்களுக்கு மதுரைப் பக்கத்தில் ஒரு கிராமம். கோயில் பூட்டிக் கிடந்த காலம் என்று எங்கள் வீட்டில் பேசப்படுவதெல்லாம் அந்தச் சுல்தான்களின் காலம்தான். ராத்தாவை வைத்துக்கொண்டு அதை எப்படி வாசிப்பது? அவரும் அந்தப் பாடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த வருடம் கிழக்கில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைத் தமிழ்ப் போராளி இயக்கம் சுட்டுக் கொன்றதாகச் செய்திகள் வந்தன. பிறகு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இயக்கம் வெளியேற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. எங்கள் வீட்டில் வானொலியை நிறுத்திவிட்டோம். ராத்தா வகுப்புக்கு வருவது நின்றது.

சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மடவளை பஸ்ஸில் ஏறினேன். "இப்ப ஏன் அங்க போற?" என்று அம்மா தடுத்தார். பஸ்ஸில் ஏறியதும் பொட்டை எடுத்துவிடலாமா என்று கை ஒருமுறை நெற்றிக்குப் போனது. எடுக்கவில்லை.

கதவைத் திறந்தவர் ராத்தாவின் கணவர். "வாங்க புள்ள, உள்ள வாங்க" என்றார். முன்னறைக் கதிரையில், தனக்குப் பெரிதான யாருடையதோ சட்டையைப் போட்டுக்கொண்டு, என் வயதில் ஒரு பெண் இருந்தாள்.

"என்ட தம்பிட பொஞ்சாதி. யாழ்ப்பாணம். உடுத்த உடுப்போட ரெண்டு பேரும் வந்தீக்கிறாங்க" என்றார் ராத்தா.

அந்தப் பெண் என் நெற்றியைப் பார்த்தாள். "நீங்கள் தமிழாக்களோ?"

"ஆமா."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட நினைத்தேன். ராத்தா விடவில்லை.

"பரீட்சை கிட்ட வந்திட்டுது. நாம ரெண்டு பேரும் விட்ட பாடம் ஒண்டு ஈக்கிது."

"இன்னைக்கா ராத்தா?"

"இன்னைக்கித்தான். ஒங்களுக்கு மனசு நோகும்னு நான் விட்டேன். நீங்க ஏன் விட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

பையிலிருந்த நூலகப் புத்தகத்தை எடுத்தேன். வாசித்து, வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு பயணியைப் பற்றி அதில் இருந்தது. அவர் எங்கள் தீவுக்கும் வந்து, பாவா ஆதம் மலை ஏறி, அதற்குப் பிறகு அக்கரைக்குக் கப்பலேறியவர். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் அவருடைய மனைவியின் சகோதரியைக் கட்டியவர்.

"அப்ப ரெண்டு பேரும் சகலன்மார்" என்றாள் அந்தப் பெண். ராத்தா சிரித்துவிட்டார்.

அடுத்த பந்தியில் நான் நின்றேன். போரில் பிடிபட்ட ஊர் மக்களை, பெண்கள் பிள்ளைகள் என்று பாராமல் அந்தச் சுல்தான் கொன்ற விதம் அங்கே இருந்தது.

"ஏன் நிப்பாட்டிப் போட்டீங்கள்?"

"கொஞ்சம் மோசமா இருக்கு. அடுத்த பக்கத்துக்குப் போவோம்."

"வாசியுங்கோ" என்றாள். ராத்தாவும் தலையசைத்தார்.

சொன்னேன். அந்தப் பந்தி அதோடு முடியவில்லை. இதையெல்லாம் நேரில் கண்டு சொன்னவர் அந்தப் பயணியேதான். சகலன் என்று பார்க்காமல், அது அருவருப்பான செயல் என்றும், அதனால்தான் இறைவன் அந்தச் சுல்தானைச் சீக்கிரமே எடுத்துக்கொண்டான் என்றும் சொல்லியிருந்தார்.

"அவர்ட சோத்தத் தின்னுக்கிட்டேயா சொன்னாரு?" என்று கேட்டார் ராத்தா.

"இல்ல, சொந்த ஊருக்குப் போன பிறகு."

"எண்டாலும் சொன்னாரே" என்றார். அவருடைய முகத்தில் ஏதோ சுமையை இறக்கிவைத்தது போல் ஓர் இலேசு.

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தாள். "எங்களுக்குச் செய்ததை உங்கடை பக்கத்திலை ஆரும் இப்பிடிச் சொல்லுவினமோ?"

"நான் சொல்றேன்" என்றேன். "அது அநியாயம். எங்க பேரைச் சொல்லிச் செஞ்சாலும் அநியாயந்தான்."

வீட்டில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு, தாங்கள் வெளியேறிய அன்று பக்கத்து வீட்டுத் தமிழ் ரீச்சர் பாணும் தண்ணிப் போத்தலும் தூக்கிக்கொண்டு தங்களோடு ஓடிவந்ததைச் சொன்னாள். காவலில் நின்ற இயக்கப் பெடியன் ஏசியும் ரீச்சர் திரும்பிப் போகவில்லையாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சகலனப் பத்தியே அப்படியா சொல்லியிருக்கார்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு நான் கிளம்பும்போது, தான் வேலை செய்யும் கடையிலிருந்து வாங்கிவந்த இரண்டு சீத்தைத் துணிகளை என் பையில் வைத்தார். "அந்தப் புள்ள தைச்சுப் போட்டுக்கட்டும்."

அதன் பிறகு ஞாயிறுதோறும் மூன்று பேராகப் படித்தோம். அவள் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள். சுல்தான்களின் வரிசையை நாங்கள் பாடமாக்கிக்கொண்டிருக்க, அவள் வேறு விதமாகக் கேட்பாள்: "மதுரையிலை கொள்ளைநோய் வந்ததெண்டு வாசிச்சீங்கள். அந்தச் சனம் எங்கை போனது?" புத்தகத்தில் அதற்கு ஒழுங்கான விடை இல்லை. தேடினோம்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. அந்த அரசின் கொடுமையையும், அதைக் கண்டித்த சாட்சியையும், நோயில் விழுந்த ஊரையும் நான் எழுதினேன். வெளியே வந்ததும் ராத்தா என் கையைப் பிடித்தார். "எழுதினீங்களா?" "எல்லாத்தையும்." "நானும்தான்." இரண்டு பேரும் சித்தியடைந்தோம். தேர்ச்சியில் ராத்தாவுக்கு என்னைவிட உயர்ந்த வகுப்பு.

அடுத்த வருடம் அந்தப் பெண்ணை அதே படிப்புக்குப் பதிவு செய்ய நாங்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அங்கிருந்த சிங்கள எழுதுவினைஞர் நிரந்தர முகவரியைக் கேட்டார். நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் யாழ்ப்பாணத்து வீதியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"ரெண்டையும் எழுதேலாதோ? கேட்டுப் பாருங்கோ."

கேட்டேன். அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, யாழ்ப்பாணத்தை மேலேயும் மடவளையை அதற்குக் கீழேயும் நிதானமாக எழுதினார்.