தோள் வலிக்கு ‘நோ சார்!’ சொன்னவன்

நேற்று அருப்புக்கோட்டையில் ஊசி போட்ட நர்ஸம்மா, “வலிக்குதா தாத்தா?” என்று கேட்டார்.

“நோ மேடம்!” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

பக்கத்தில் நின்ற என் மனைவி சீனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அடித்துக்கொண்டதற்கு ஒரு கதை இருக்கிறது. எழுபதுகளில் நடந்தது. என் மானம் போகிற கதைதான், பரவாயில்லை!

நான் பட்டாளத்தில் இருந்தவன். வலது தோளில் அடிபட்டுத் திரும்பி வந்தேன்.

“குண்டு பட்டுச்சாண்ணே?” என்று எங்கள் ஊர் பரளச்சியில் எல்லோரும் கேட்டார்கள்.

கிழங்கு பட்டது. ரேஷன் லாரியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை சரிந்தது. பிடிக்கப் போனேன், தோள் மூட்டு நழுவிவிட்டது. (ஊரில் இதை விளக்கமாகச் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்!)

ஊனமுற்றோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன். அதற்கு இரண்டே கேள்விகள். அடிபட்டது வேலையிலா? ஊனம் எவ்வளவு சதவீதம்?

முதல் கேள்வியில் பாஸ். மூட்டை விழுந்தது டியூட்டி நேரம் என்று ரெக்கார்டிலேயே இருந்தது.

இரண்டாவதில் ஃபெயில். இருபது சதவீதமாவது வேண்டும். மெடிக்கல் போர்டில் “கையைத் தூக்கு” என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு காது வரை தூக்கினேன். “வலிக்குதா?” என்றார்கள். “நோ சார்!” என்றேன்.

பென்ஷன் கிடையாது என்று கடுதாசி வந்தது. வராமல் என்ன செய்யும்?

என்மேலும் முழுத் தப்பு இல்லை. பட்டாளத்தில் வலிக்கிறது என்று சொன்னால் கிரவுண்டை மூன்று சுற்று ஓடவிடுவார்கள். அந்த வார்த்தையே வாயில் வராமல் போய்விட்டது.

அப்பீல் போட்டேன். அதுதான் கடைசி வாய்ப்பு. இரண்டு வருடமாக மழை இல்லை, பருத்தி கருகிவிட்டது. கிணறு வெட்டப் போகவோ மூட்டை தூக்கவோ இந்தத் தோள் ஆகாது. அப்பீலும் போனால் இருக்கிற மூன்று குறுக்கம் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

சீனியம்மாள் வீட்டிலேயே ஒத்திகை நடத்தினாள். துண்டைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டாள். அதுதான் ஸ்டெதஸ்கோப்பாம்!

“கையத் தூக்குங்க.”

தூக்கினேன்.

“வலிக்குதா?”

“நோ சார்!”

“ஏங்க, நான் சாரா? ராத்திரி பூராம் முனகுறது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?”

“பழக்கமாயிருச்சு, சீனி.”

“எந்த இடத்துல வலிக்குதோ அங்ஙன நிறுத்துங்க. கூட்டியும் சொல்ல வேணாம், கொறைச்சும் சொல்ல வேணாம். உள்ளதச் சொல்லுங்க, போதும்.”

ஒரு வாரம் ஒத்திகை. கடைசி நாள் ஒருவழியாக “வலிக்குது” என்று முணுமுணுத்தேன். அவள் எனக்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள்!

அப்பீலுக்கு வரச் சொன்ன இடம் மெட்ராஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரி. என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சீனியம்மாள் வராந்தாவில் நின்றாள். உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த பெரியவர், நல்லவேளையாகத் தமிழ்க்காரர்.

கிளார்க் என் நம்பரையும் ரேங்க்கையும் சத்தமாக வாசித்தார். அவ்வளவுதான், முதுகு தானாக விறைத்துக்கொண்டது!

“வலது கையைத் தூக்குங்க.”

விர்ரென்று காதைத் தொட்டது கை.

“வலிக்குதா?”

“நோ சார்!”

வராந்தா வரை கேட்டிருக்கிறது. பெரியவர் பேனாவை எடுத்தார். நிலம் போச்சு என்று நினைத்தேன்.

கதவு படாரென்று திறந்தது.

“பொய் சார்! இவுக சொல்றது பூராம் பொய்!”

“யாரும்மா நீங்க?”

“இவுக பொஞ்சாதி சார்.”

பெரியவர் பேனாவைக் கீழே வைத்தார். “இல்லாத வலியை இருக்குன்னு சொல்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் வேற மாதிரி இருக்காரே!”

“சட்டைய நாந்தான் சார் மாட்டிவிடுறேன். கெணத்துல வாளி எறைக்கிறதும் நாந்தான். பஸ்ஸுல மேல்கம்பியப் பிடிச்சா ரெண்டு ஸ்டாப்புக்குள்ள கண்ணு கலங்கிரும். ஒரு தடவ தூக்குவாக சார், வீம்புக்கு. அடுத்தடுத்துத் தூக்கச் சொல்லிப் பாருங்க!”

எனக்கு அப்போதே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“பத்துத் தடவை தூக்குங்க,” என்றார் பெரியவர். எழுந்து வந்து என் தோளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

முதல் தடவை காது. மூன்றாவது தடவை கன்னம். ஐந்தாவது தடவை தோள் மட்டத்துக்கே வரவில்லை. ஏழாவது தடவை கை இடுப்பை விட்டு நகர மறுத்தது. உள்ளே எலும்பு நறநறவென்று உரசுவது அவர் கைக்குத் தெரிந்திருக்கும்.

“இப்போ?” என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வலி பாதி, வெட்கம் பாதி.

“வலிக்குது சார்.”

சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை ஒரு ஆபீசர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. சீனியம்மாள் சட்டையைப் பிரித்து, வலது கையை முதலில் நுழைத்துவிட்டாள்.

சில மாதம் கழித்துத் தபால் வந்தது. முழுக்க இங்கிலீஷ். பக்கத்து ஊர் எம்.ரெட்டியபட்டி வாத்தியார் ஒருவரிடம் கொண்டுபோனோம். டீக்கடை பெஞ்சில் நாலு பேர் சூழ உட்கார்ந்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். உருளைக்கிழங்கு மூட்டை உட்பட! (குண்டு பட்ட வீரன் கதை அன்றோடு முடிந்தது.)

பென்ஷன் உண்டு என்றார். சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நிலம் தப்பியது. நானும் எழுந்துவிட்டேன்.

“இருங்க, கீழ இன்னும் ரெண்டு வரி இருக்கு,” என்றார் வாத்தியார்.

“தன் உடல்நிலை பற்றி மனுதாரர் சொல்வதை நம்புவதற்கில்லை. அவருடைய மனைவி சொல்வது ஏற்றுக்கொள்ளப்படுகிறது.”

சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, அரசாங்கமே கொடுத்துவிட்டது! அந்தத் தாளை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். வீட்டில் எந்தப் பேச்சு முற்றினாலும் சாவியை எடுத்துவிடுவாள்.

இதற்கு மேல் அப்பீல் எங்கே போடுவது? விவரம் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்களேன்!