எனக்குக் கஸ்டடி வேண்டாம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கனடா. நானும் கணவரும் பிரிந்துவிட்டோம். அவர் ஒஷாவாவில், நானும் ஏழு வயது மகளும் மோர்னிங்சைட்டில். பிள்ளை யாரிடம் வளர்வது என்று பேசித் தீர்க்க எங்களை ஓர் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள்.

நடுவில் இருந்து பேசும் வெள்ளைக்காரப் பெண் எடுத்த எடுப்பிலேயே ஒரு நிபந்தனை வைத்தாள். பிள்ளை இருவருக்கும் பொது என்று வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்க வேண்டுமாம். அப்படி வேண்டாம் என்பவர்தான் காரணம் காட்ட வேண்டுமாம். சட்டமே இப்படி வரவேண்டும் என்று அந்த நாட்களில் பலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட இருந்த காலத்தில் ஒரு கோப்பை கழுவாத மனிதருக்குப் பாதிப் பிள்ளையா?

மொழிபெயர்க்க வரவேண்டியவர் பனியில் அகப்பட்டு வரவில்லை. என் ஆங்கிலம் கொஞ்சம் பரவாயில்லை என்பதால் கணவர் பேசுவதையும் நானே சொல்வதாயிற்று. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

பிள்ளையை இருவரும் சேர்ந்து வளர்ப்பதை அவள் "ஜொயின்ற் கஸ்டடி" என்றாள். நான் வாய் திறக்குமுன் அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"கஸ்டடியோ? எனக்கு உந்தக் கஸ்டடி கிஸ்டடி ஒண்டும் வேண்டாம்!"

ஊரில் அந்தச் சொல்லுக்கு எங்களிடம் ஒரே அர்த்தம்தான்: இலங்கை ஆமி பிடித்து அடைத்து வைப்பது. அவர் அதற்குள் இருந்து வந்தவர். ஸ்காபரோவில்கூடப் பொலிஸ் காரைக் கண்டால் தெரு மாறி நடப்பார்.

"என்ன சொல்கிறார்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. அவருக்குக் கஸ்டடி வேண்டாமாம் என்று சொன்னால் போதும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிள்ளை முழுக்க எனக்கு. நான் தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் அவர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, அவளிடம் தமிழிலேயே மன்றாடத் தொடங்கிவிட்டார்.

"சின்னப்பிள்ளை, அது என்ன செய்தது? ஆரையேன் உள்ளை போடத்தான் வேணுமெண்டால் என்னைப் போடுங்கோ. நான் முந்தியும் இருந்தனான், எனக்குப் பழக்கம்."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிரிந்த நாளிலிருந்து அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவள் நான்.

"இஞ்சாருங்கோ," என்றேன், ஊரில் மனைவி கணவனைக் கூப்பிடுகிற அதே சொல்லால். "முதல் இருங்கோ. இஞ்சை கஸ்டடி எண்டால் பிள்ளையை வளர்க்கிறது."

"வளர்க்கிறதோ?" அவர் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப எனக்கும் வேணுமெண்டு சொல்லும்."

அவள் பேனாவை எடுத்து, இஞ்சாருங்கோ என்பதுதான் அவருடைய பெயரா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவருக்கும் பிள்ளை வேண்டுமாம் என்றேன். எனக்கும் சம்மதம் என்பதை, அவள் கேட்காமலே சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவைத் தட்டினார். மகள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எனக்கு முதலே ஓடிப்போய்த் திறந்தாள்.

"பிள்ளையைக் கஸ்டடியிலை எடுக்க வந்தனான்," என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்லி அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.