பதினோரு பக்கங்கள்

கொரோனா இரண்டாம் அலையின்போது கல்லூரியைப் பூட்டிவிட்டார்கள். நூலகத்தை மட்டும் வாரத்தில் இரண்டு நாள் திறக்க அனுமதி வாங்கியிருந்தோம். படிக்க யாரும் வர முடியாது. அங்கே உதவியாளராக இருந்த நான் ஒத்தக்கடையிலிருந்து ஸ்கூட்டியில் போய், வீட்டில் முடங்கிக் கிடந்த ஆராய்ச்சி மாணவர்கள் கேட்ட பக்கங்களைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்புவேன். கோரிப்பாளையம் சந்திப்பில் சிக்னல் விளக்கு பழக்க தோஷத்தில் மாறிக்கொண்டிருக்கும். நான் ஒருத்தி மட்டும் நிற்பேன்.

எங்களிடம் இல்லாத நூல்களை மற்ற நூலகங்களிடம் கேட்போம். தெற்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் என்னைப் போலவே ஒருவர் இருந்தார். நேரில் பார்த்ததில்லை. என்னைவிட நாலைந்து வயது இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டியல் அனுப்புவேன். அவர் திங்களும் வியாழனும் போய், வரிசைப்படி முடிந்தவரை எடுத்து அனுப்புவார். மிஞ்சியது அடுத்த வாரப் பட்டியலில் மேலே ஏறும்.

அந்த வரிசையில் என் மகளும் இருந்தாள். மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஊரடங்கில் ஊர்களுக்குள் போக முடியவில்லை. வெகு காலத்துக்கு முன் யாரோ அதே ஊர்களில் மடைக்கு மடை நின்று எழுதிய ஆய்வேடு, ஒரே ஒரு தட்டச்சுப் பிரதி, அந்தத் தெற்கு நூலகத்தில் இருந்தது. அதில் நான்காம் இயல் மட்டும் கிடைத்தால் அவள் எழுதி முடித்துவிடுவாள். ஜூன் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. இனி நீட்டிப்பு கிடையாது என்று அவளுடைய வழிகாட்டி சொல்லிவிட்டார்.

நான் செய்தது இதுதான். ஒவ்வொரு வாரமும் புதிதாக யாராவது கேட்டால், மகளின் வரியை வெட்டி எல்லோருக்கும் கீழே ஒட்டினேன். நூலகத்தில் இருப்பவள் தன் பிள்ளையை முன்னால் தள்ளினாள் என்று பேச்சு வந்துவிடுமோ என்ற பயம். யாரும் பேசவில்லை. அந்தப் பட்டியலை யாரும் பார்க்கக்கூட இல்லை. நான்கு வாரம் அப்படியே செய்தேன்.

"என்னம்மா, இன்னும் வரலையா?" என்பாள்.

"வரிசையில இருக்குடி."

"எம்புட்டு நீள வரிசைம்மா அது? ரேஷன் கடையே தேவல."

ஒரு வெள்ளிக்கிழமை தெற்கு நூலகத்துக்காரரே அழைத்தார்.

"அக்கா, இந்தக் கண்மாய் ஆய்வேடு நாலு வாரமா அடியிலயே கெடக்கே, யாருக்குக்கா?"

சொன்னேன்.

"நம்ம பிள்ளைக்கா? வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்களா? நாளைக்கே போயி எடுத்துட்டு வாரேன்."

"நாளைக்கு ஒங்களுக்கு முறை இல்லையே. திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

"திங்கக்கிழமை லிஸ்ட்டு மலையாக் கெடக்கு. வாட்ச்மேன் அண்ணே தொறந்து விடுவாரு. நீங்க பேசாம இருங்க."

இன்னொரு முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் பதினோரு படங்கள் வந்தன. மடைகளின் அட்டவணை பாதியில் நின்றது. பின்னாலேயே ஒரு குரல் செய்தி: "வாட்ச்மேன் அண்ணனுக்குக் காய்ச்சல் போலக்கா. இருமிக்கிட்டே பக்கத்துல நிக்காரு, பூட்டணும்ங்காரு. மிச்சம் திங்கக்கிழமை."

திங்களும் வியாழனும் எதுவும் வரவில்லை. அடுத்த செவ்வாய் காலை, "மிச்சப் பக்கங்கள்?" என்று கேட்டு அனுப்பினேன். அப்போது அவருக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கடுத்த வாரம் நூலகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்தை மாலையோடு போட்டார்கள். அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அந்த நூலகத்தை மூடிவிட்டார்கள். ஜூன் முடிந்தது, பதிவும் போனது. மிச்சப் பக்கங்கள் எங்காவது கிடக்குமோ என்று என் மடிக்கணினியில் தேடிய மகள், பழைய பட்டியல்களைப் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றாகத் திறந்து அடிவரைக்கும் போனாள்.

"ஊரு ஒன்னய நல்லவன்னு சொல்லணும். அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

அதற்குப் பிறகு அவள் ஆராய்ச்சி பற்றி என்னிடம் பேசியதில்லை. ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறாள். அந்தச் சனிக்கிழமை அவர் அவளுக்காகப் போனார் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லத் துணிவில்லை.

சில மாதம் கழித்து அவருடைய மனைவி அழைத்தார். கணவரின் செல்பேசியில் என் எண்ணைப் பார்த்தாராம்.

"அக்கா, அன்னைக்கி அவருக்கு வேலையே இல்ல. ஒரு பிள்ளைக்கு அவசரம்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. எந்தப் பிள்ளைன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அது படிச்சு முடிச்சிருச்சுன்னு தெரிஞ்சாப் போதும்க்கா."

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். கூடத்தில் மகள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டாள். வேலை விஷயம் என்றேன்.

முடித்துவிட்டாள் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்த அம்மா மறுபடியும் இரண்டு முறை அழைத்துவிட்டார். மணி அடித்து ஓயும் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.