சித்தப்பா பங்குப் பால்

சிறுவயதில் தினம் காலையில் இரண்டு டம்ளர் பால் குடிப்பேன். ஒன்று என்னுடையது. மற்றது சித்தப்பாவுடையது.

பால் வாசனையே சித்தப்பாவுக்கு ஆகாது. புதுசாகக் கல்யாணமாகி வந்த சித்தியோ முசிறியில் மாடு கன்றோடு வளர்ந்தவள். நுரை பொங்க ஆற்றிக் கொடுத்துவிட்டு அவள் திரும்பியதுதான் தாமதம், டம்ளர் என் கைக்கு வந்துவிடும். மத்தியானம் அவள் ஊறுகாய் எடுக்கப் போனால் தயிர்சாதம் என் தட்டுக்குத் தாவும். "சித்திகிட்ட மூச்சு விடப்படாது!" என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

சித்திரைத் தேரன்று வடம் பிடித்தோம். வெயில், வியர்வை, வீதியே ஒரே குரலாக "ரங்கா, ரங்கா!" சித்தப்பாவின் இடது கை வடத்திலிருந்து நழுவியது. எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது. விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவரும் சிரித்தார், வாய் ஒரு பக்கமாக. சித்திதான் அலறினாள். ஆட்டோ, காவிரிப் பாலம், ஆஸ்பத்திரி.

பிழைத்துவிட்டார். கைதான் துவண்டு கிடந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாம். இருபத்தெட்டு வயசில் ஏன்? சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட் இல்லை. காரணம் தெரியாவிட்டால் மறுபடி வரலாம் என்றார்கள். சித்தி சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, சென்னைக்கு அனுப்பிய ரத்தத்தின் ரிப்போர்ட் வந்தது.

"ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்னு ஒண்ணு ரொம்ப ஏறியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "வெளியே தெரியாம ரத்தக்குழாயைக் கெடுக்கும். பி12 சத்து குறைஞ்சா இது ஏறும். சைவம்தானே நீங்க? பால், தயிர் சேர்த்துக்கிறதில்லையா?"

"தினம் நானே ஆத்திக் கொடுக்கறேன் டாக்டர்!" சித்திக்குக் கோபமே வந்துவிட்டது.

"அப்ப வேற காரணம் தேடணும்."

சித்தியின் கண் நிறைந்தது. சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அதெல்லாம் நான்தான் குடிக்கறேன்," என்றேன். "தயிரும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஏறியதை இறக்கிவிடலாம், பயமில்லை என்றார்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் சித்தி வழியெல்லாம், "பொய்யர்! பொய்யர்!" என்று அவர் தோளில் குத்திக்கொண்டே வந்தாள். சத்தியத்தை உடைத்த நான் ஜன்னலோரம் ஒடுங்கிக் கிடந்தேன்.

"துரோகி!" என்று சித்தப்பா என் விரல்களைப் பிடித்து நெரித்தார். இடது கையால்.

"ஐயோ, வலிக்கறது!"

"என்னது? வலிக்கறதா? இன்னொரு தரம் சொல்லு!"

சித்தி என்னை வாரிக் கட்டிக்கொண்டு, கண்டக்டரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். ஒரு குழந்தைக்கு வலித்தால் இந்த இரண்டு பேருக்கும் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு அழுகையாக வந்தது.