அம்மாவின் கால் பற்றிய பேச்சுவார்த்தை

அப்பா ஒரு பன்னாட்டு அமைப்பின் தலைவராக இருந்தவர். அவர் தலைமையில் ஒரு தீர்மானம்கூட வாக்கெடுப்புக்குப் போனதில்லை என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. வாக்கெடுத்தால் யாரோ ஒருவர் தோற்க வேண்டும், தோற்றவர் அதை மறக்கவே மாட்டார் என்பார். அதனால் கடைசி நாடும் தலையசைக்கும்வரை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசவைப்பார். காபி ஆறிப்போகும், பிரதிநிதிகள் சோர்ந்துபோவார்கள், கடைசியில் யாருக்கும் முழுத் திருப்தியும் இல்லாத, முழுக் கோபமும் இல்லாத ஒரு வாசகம் பிறக்கும். பத்திரிகைகள் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

ஓய்வு பெற்றதும், பிறந்து வளர்ந்த செகந்தராபாத்தை விட்டுத் தள்ளிப்போக மனமில்லாமல் பக்கத்திலேயே ஹப்சிகுடாவில் வீடு வாங்கினார். நான் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அவர்களோடு இருந்தேன். அண்ணன் அமெரிக்காவில், தங்கை சென்னையில். அம்மாவுக்குச் சர்க்கரை. ஈஸ்டருக்கு வாங்கிய புதுச் செருப்பு கடித்துக் கால் விரலில் புண் வந்தது. சாதாரணப் புண் என்றுதான் நினைத்தோம். பிறகு விரல் கறுத்தது, பாதம் வீங்கியது, அறைக்குள் நுழைந்தாலே நாற்றம் அடித்தது.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் சுற்றிவளைத்துப் பேசவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், நாளைக் காலையே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும் என்றார். அம்மா அழவில்லை.

"எடுத்துடட்டும். இந்த வலி எனக்கு நக்கோ, வேணாம்" என்றாள்.

நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினாள். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எந்த நாட்டுக்கு மாற்றலானாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்டுவாள்.

"ஒரு நாள் பொறு. பிள்ளைங்ககிட்டயும் கலந்துக்கலாம்" என்று அப்பா பேனாவை மெல்லத் திருப்பி வாங்கினார்.

"டாடி, மம்மியே சொல்லிட்டாங்க. இதுல கலந்துக்க என்ன இருக்கு?" என்று கத்தினேன்.

"எல்லாருக்கும் மனசு ஒப்பணும்மா. நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கேக்கலையேன்னு வருத்தப்படக் கூடாது."

அண்ணன் போனில் குதித்தான். காலை எடுப்பதெல்லாம் அந்தக் காலத்து வைத்தியமாம். ரத்தக்குழாயைச் சரிசெய்யும் டாக்டரைத் தேடச் சொன்னான். தங்கை அழுதாள். அவள் சபையில் உபவாச ஜெபத்தால் யாருக்கோ கால் குணமாகியிருக்கிறதாம். அப்பா ஸ்பீக்கரைப் போட்டு இருவரையும் நிதானமாகக் கேட்டார். இருவர் பேச்சிலும் நல்ல அம்சம் ஒன்றைக் கண்டுபிடித்துப் பாராட்டினார். மறுநாள் ஒரு சமரசத் திட்டத்தோடு சர்ஜனிடம் போனார். இப்போதைக்கு விரல்களை மட்டும் எடுப்பது, மற்றதைப் பிறகு பார்ப்பது. அதற்கு அண்ணனும் தங்கையும் இசைந்திருந்தார்கள். சர்ஜன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அழுகல் யார் பேச்சையும் கேட்காது சார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

அப்பா மனம் தளரவில்லை. மறுபடியும் போனை எடுத்தார். நான் அம்மாவிடம் ஓடி, நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"ஹவ், சரி, போடறேன். டாடி வந்துடட்டும்" என்றாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அப்பா வராந்தாவில் வேகமாக நடந்து வந்தார். பத்திரிகைப் படங்களில் நான் பார்த்த அதே முகம்.

"காலை எடுக்க எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க!"

அதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறி, எங்களையே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. சர்ஜன் வந்து பார்த்தார். இனி மயக்க மருந்தைக்கூட உடம்பு தாங்காது என்றார். மறுநாள் காலை அம்மா போய்விட்டாள்.

அண்ணன் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தான். டெல்லியிலிருந்து தூதரகங்கள் அனுப்பிய மலர்வளையங்கள் குழியைச் சுற்றிக் கிடந்தன. போதகர் ஜெபித்துவிட்டுப் போனதும் அண்ணன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே டாடி. யார் மேலயும் தப்பில்ல."

அப்பா தலையசைத்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. சபையார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்ற எல்லாருல மம்மி சேர்த்தி இல்லையா? முதல் நாளே எடுத்துடச் சொன்னாங்களே!"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணீர் தாடைவரை வழிந்துகொண்டிருந்தது. ஆனால் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"அவ சொன்னதையும் கவனத்துல எடுத்துக்கிட்டோம்மா" என்றார்.